வானில் குதிப்பவருக்கு இரண்டு பாராசூட்... திரேஸ்புரம் சங்குகுளிக்கு ஒரே ஒரு குழாய்!

விமானத்திலிருந்து குதிக்கும் ஸ்கைடைவர்களின் முதுகுப்பையில் இருப்பது ஒரு பாராசூட் அல்ல, இரண்டு. முதலாவது விரியாமல் சிக்கிக்கொண்டால் அதைக் கழற்றி விட்டுவிட்டு இரண்டாவதை இழுப்பார்கள். குதித்தவர் மயங்கியே போய்விட்டாலும், தரையை நெருங்கும் வேகத்தை உணர்ந்து தானாகவே இரண்டாவது பாராசூட்டைத் திறந்துவிடும் சின்னக் கருவி ஒன்றும் உண்டு. அமெரிக்காவில், அந்த இரண்டாவது பாராசூட்டை உரிமம் பெற்ற ஒருவர் 180 நாள்களுக்குள் பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் குதிக்கவே கூடாது.

தூத்துக்குடியின் வடக்கு ஓரத்தில், பக்கிள் ஓடை கடலில் கலக்கும் பகுதியில் இருக்கிறது திரேஸ்புரம். இங்கிருந்து படகேறிப் போகிறவர்களும் குதிக்கிறவர்கள்தான். ஆனால், வானத்திலிருந்து அல்ல. கடலுக்குள், ஐந்தாறு மாடி ஆழத்துக்கு. வாயில் ஒரு குழாய். அந்தக் குழாயின் மறுமுனை, படகில் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசரில். கம்ப்ரசர் நின்றாலோ, குழாய் மடங்கினாலோ, மேலே எவனோ ஒருவனின் படகு விசிறியில் சிக்கி அறுந்தாலோ இழுப்பதற்கு இரண்டாவது என்று எதுவும் இல்லை.

இவ்வளவும் எதற்காக? சங்குக்காக. மன்னார் வளைகுடாவின் மணலில் பாதி புதைந்து கிடக்கும் வெண்சங்குக்காக. பூஜை அறையில் இருக்கிற, குழந்தைக்குப் பால் புகட்டுகிற அதே சங்குதான். தூத்துக்குடியில் எடுக்கும் சங்கில் பெரும்பகுதி நம் வீடுகளுக்கு வருவதில்லை. ரயிலேறி மேற்கு வங்கம் போகிறது. அங்கே திருமணமான பெண்கள் அணியும் வெள்ளை வளையல், நம்மூர்த் தாலி மாதிரி. அந்த வளையல் நம் கடலின் சங்கை அறுத்துச் செய்தது. கொல்கத்தா மணப்பெண்ணின் கைவளைக்காகத் திரேஸ்புரத்துக்காரர் மூச்சைப் பணயம் வைக்கிறார் என்று சொன்னால், அது கொஞ்சம்கூட மிகையில்லை.

மச்சான் பிடித்த கயிறு

கம்ப்ரசர் வருவதற்கு முன்பு எப்படி மூழ்கினார்கள்? காலில் கல், இடுப்பில் கயிறு, கழுத்தில் அல்லது இடுப்பில் ஒரு வலைப்பை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கல்லின் கனத்தில் இறங்கினால், ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரம்தான் அடியில் கிடைக்கும். அதற்குள் கைக்குக் கிடைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அசைக்க வேண்டும். மேலே இருப்பவர் இழுப்பார்.

அந்தக் கயிற்றை யார் பிடிப்பது என்பதில்தான் முத்துக்குளித்துறையின் மொத்த வாழ்க்கைப் பாடமும் இருந்தது. மனைவியின் கூடப்பிறந்தவனைத்தான் படகில் உட்கார வைப்பார்களாம். கடலடியில் இருப்பவனுக்கு ஏதாவது ஆனால் தாலி இழப்பவள் மச்சானின் சொந்த அக்கா, தங்கை. ஆகவே அவன் கண்ணயர மாட்டான் என்பது கணக்கு. முத்துக்குளித்தலைப் பற்றிப் பேசும்போது இந்தக் கதையைச் சொல்லாத தூத்துக்குடிக்காரரைப் பார்ப்பது கடினம். ஸ்கைடைவரின் இரண்டாவது பாராசூட்டுக்கு இங்கே பெயர் மச்சான்.

(சுறாவுக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. முத்துக்குளிப்பு நடக்கும் நாள்களில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் ஆள் கரையில் இருப்பார். அவருக்குக் 'கடல்கட்டி' என்று பெயர். அவர் இல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள் என்பதால், ஆங்கிலேய அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறது.)

தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதன்பிறகு முத்துச்சிப்பி அந்த அளவுக்குத் திரளவில்லை. சங்கு மட்டும் தொடர்ந்தது. நீண்ட காலம் அது அரசின் ஏகபோகம். எடுத்த சங்கை அரசிடம் ஒப்படைத்துவிட்டு, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கிக்கொண்டு போக வேண்டும். பிறகு முகக்கண்ணாடி வந்தது, காலுக்குத் துடுப்பு வந்தது, அடுத்ததாகக் கம்ப்ரசரும் வந்தது. ஒரு நிமிடம் மணிக்கணக்காக மாறியது. சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது.

பஞ்சர் கடையில் பார்த்த அதே கம்ப்ரசர்

செய்திகளில் இதை 'ஆக்சிஜன் குழாய்' என்று எழுதுவது வழக்கம். அது தவறு. குழாயில் வருவது வெறும் காற்று. நாம் மூச்சுவிடும் அதே காற்றை அழுத்தி அனுப்புகிறார்கள். உலகம் முழுக்க ஏழை மீனவர்கள் இப்படி மூழ்கும் இடங்களில் பயன்படுவது, டயருக்குக் காற்றடிக்கவும் பெயின்ட் அடிக்கவும் செய்த கம்ப்ரசர்தான். மனிதன் சுவாசிப்பதற்காக அதை யாரும் வடிவமைக்கவில்லை.

முதல் எதிரி, எஞ்சின் புகை. கம்ப்ரசரை ஓட்டும் எஞ்சினும், காற்றை உள்ளே இழுக்கும் வாயும் ஒரே படகில் சில அடி தூரத்தில் இருக்கின்றன. நங்கூரம் போட்ட படகு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்பத் திரும்பிக்கொண்டே இருக்கும். காலையில் புகை கடல் பக்கம் போயிருக்கும். பத்து மணிக்குக் காற்று மாறினால் அதே புகை கம்ப்ரசரின் வாய்க்கு வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது பிடித்துக்கொள்கிறது. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு. அதனால் மேலே லேசான தலைவலி தருகிற அளவு புகை, கீழே ஆளை மயக்கிவிடும். தண்ணீருக்கடியில் மயங்கினால் வாயிலிருந்து குழாய் நழுவும். அவ்வளவுதான்.

இதற்கு மாற்று பெரிய விஞ்ஞானம் இல்லை. காற்றை இழுக்கும் வாயில் ஒரு நீளமான குழாயைப் பொருத்தி, புகைபோக்கிக்கு எதிர்த்திசையில் உயரமாகக் கட்டிவைத்தால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். படகு திரும்பும்போதெல்லாம் அதைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். மச்சான் உட்கார்ந்த இடம் காலியாகிவிடவில்லை. கயிற்றுக்குப் பதில் கம்ப்ரசரைப் பார்க்கிறார், அவ்வளவே.

இரண்டாவது எதிரி, எண்ணெய். கம்ப்ரசருக்குள் ஊற்றும் மெஷின் ஆயில் சூடேறி, ஆவியாகிக் காற்றோடு கலந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. மூழ்குவதற்கென்றே செய்த கம்ப்ரசர்களில் சுவாசத்துக்குப் பாதுகாப்பான எண்ணெயும், கரித்தூள் அடைத்த வடிகட்டியும் இருக்கும். சாதாரண கம்ப்ரசரில் இரண்டும் இருக்காது. காற்றில் எண்ணெய் வாடை அடித்தால் அன்றைக்கு இறங்கக் கூடாது. வாடை அடிக்காவிட்டால் புகை இல்லை என்று நினைக்கவும் கூடாது.

கம்ப்ரசரோடு இருக்கும் தொட்டியைப் பலர் கவனிப்பதில்லை. உண்மையில் திரேஸ்புரத்துப் படகில் 'இரண்டாவது பாராசூட்' என்று எதையாவது சொல்ல முடியுமானால், அது இந்தத் தொட்டிதான். எஞ்சின் நின்றதும் தொட்டியில் தேங்கிய காற்று கொஞ்ச நேரம் குழாய்க்குப் போகும். மேலே இருப்பவர் உடனே குழாயை இழுத்துச் சைகை கொடுத்தால், கீழே இருப்பவர் பதறாமல் ஏறி வர அந்த நேரம் போதும். தொட்டி சின்னதாக இருந்தால், அல்லது ஒரே தொட்டியிலிருந்து நாலு பேர் சுவாசித்தால் போதாது. தொட்டிக்குள் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடாவிட்டால் உள்ளே துரு ஏறும். துருவேறிய தொட்டி அழுத்தத்தில் வெடிக்கவும் செய்யும்.

குழாய் விஷயத்தில் வெயில்தான் வில்லன். பிளாஸ்டிக் இறுகி, மடிகிற இடத்தில் வெடிப்பு விடும். அறுந்த இடத்தில் டியூப் ரப்பர் சுற்றிக் கம்பியால் முறுக்கி மறுபடி இறக்குவது செலவில்லாத வழிதான். ஆனால் அந்தக் கம்பியில் தொங்குவது ஓர் உயிர்.

இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிப் பட்டையும் அப்படித்தான். மிதந்துவிடாமல் அடியில் நிற்க அது வேண்டும். ஆபத்தென்றால் ஒரே இழுப்பில் அவிழ்ந்து விழவும் வேண்டும். கயிற்றால் முடிச்சுப் போட்டுக் கட்டிய பட்டை விழாது. குழாயையும் அதோடு சேர்த்துச் சுற்றியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

காற்று நின்றால் மனித இயல்பு என்ன செய்யும்? கடைசி மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே பாயும். அடியில் மூச்சடக்கிப் பழகிய பரம்பரைக்கு அது இன்னும் இயல்பு. ஆனால், குழாய்க்காற்றைச் சுவாசித்தவர் அதைச் செய்யவே கூடாது. 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் நுரையீரலில் இருக்கும் காற்று இரண்டு மடங்கு விரியும். வாயை மூடியிருந்தால் நுரையீரல் கிழியும். ஊதிக்கொண்டே ஏற வேண்டும். தாத்தா கற்றுக்கொடுத்த பாடத்தைப் பேரன் தலைகீழாகக் கற்க வேண்டிய இடம் இது.

தீராத காற்றுதான் ஆபத்து

சுற்றுலாப் பயணி முதுகில் கட்டிக்கொண்டு மூழ்கும் சிலிண்டரில் காற்று தீர்ந்துவிடும். முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் மேலே வந்தே ஆக வேண்டும். அந்தக் குறைதான் அவருக்குக் காவல். கம்ப்ரசர் குழாயில் டீசல் இருக்கும்வரை காற்று வந்துகொண்டே இருக்கும். சங்கு கண்ணில் படப்பட, நேரம் போவதே தெரியாது.

ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக ஏறினால் வந்த வழியே நுரையீரல் வழியாகப் போய்விடும். விறுவிறுவென்று ஏறினால், கோலி சோடாவின் கோலியை அமுக்கியதும் பொங்குமே, அது உடம்புக்குள் நடக்கும். குமிழி மூட்டில் நின்றால் தாங்க முடியாத வலி. தண்டுவடத்தில் நின்றால் இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போகும். சிறுநீர் பிரியாது. முப்பது வயதில் சக்கர நாற்காலி.

இதை முதலில் கணக்காக்கியவர் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறையில் அடைத்துச் சோதித்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படி ஏற வேண்டும் என்ற அட்டவணையை 1908-ல் வெளியிட்டார். இன்று பொழுதுபோக்குக்காக மூழ்குபவர்கள் பயன்படுத்தும் அட்டவணைகள் அந்த வழியில் வந்தவையே. அவற்றில் பரவலாகப் புழங்கும் ஒன்றின்படி, நாளின் முதல் முழுக்கில் 12 மீட்டரில் 147 நிமிடம் இருக்கலாம். 18 மீட்டரில் 56 நிமிடம். 25 மீட்டர் என்றால் வெறும் 29 நிமிடம். 30 மீட்டரில் 20. ஏறும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான பரிந்துரை. 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு ஏறுவது நல்லது. இரண்டாவது முறை இறங்கினால் நேரம் இன்னும் குறையும்.

இந்த எண்களைப் பார்த்தாலே புரியும். இரட்டிப்பு ஆழத்துக்குப் போனால் நேரம் பாதியாகக் குறைவதில்லை, ஐந்தில் ஒன்றாகச் சுருங்குகிறது.

எந்த இடத்தில் குதிப்பது?

அதனால்தான் இடத்தைத் தேர்ந்தெடுப்பது வருமானக் கணக்கு மட்டுமல்ல, ஆயுள் கணக்கும்கூட.

இந்தக் கடற்கரையில் கடலடிப் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். ஒவ்வொரு பாருக்கும் தனிப் பெயர் உண்டு. பழைய முத்துப் பார்களில் ஒன்று 'வான்தீவு ஆறுபாகம் பார்'. இடமும் ஆழமும் பெயரிலேயே இருக்கிறது. பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த அளவு, சுமார் ஆறடி. ஆறு பாகம் ஏறக்குறைய 11 மீட்டர். பெயர் வைத்த முன்னோர் ஹால்டேனைப் படித்தவர்கள் அல்ல. ஆனால், இறங்குபவனுக்கு முதலில் தெரிய வேண்டியது ஆழம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சங்கு பாறையில் இருப்பதில்லை. பார்களுக்கு இடையே உள்ள மணலில், தான் தின்னும் புழுக்கள் இருக்கும் இடத்தில் புதைந்திருக்கும். கரைக்குப் பக்கத்து மணலில் சங்கு குறையக் குறைய, படகு தள்ளிப் போகும். தள்ளிப் போனால் ஆழம் கூடும். பழைய வழக்கப்படியே நேரம் ஓட்டினால் உடம்பு கணக்குத் தீர்க்கும். சின்னச் சங்கைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்ற பழைய அளவு விதிக்கு இதனால்தான் கூடுதல் அர்த்தம். குஞ்சை விட்டால் அது பக்கத்து மணலிலேயே வளரும். நாளைக்குத் தம்பி ஆழத்துக்குப் போக வேண்டியதில்லை.

ஆழத்துக்கு அடுத்தது தெளிவு. கச்சான் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் கடல் கலங்கி, நீட்டிய கை தெரியாது. மழைக்காலத்தில் ஓடை, ஆற்றுத் தண்ணீர் கரையோரத்தைக் கலக்கும். கலங்கல் தண்ணீரில் குழாய் எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்க்க முடியாது.

நீரோட்டமும் அப்படித்தான். படகு ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் என்று இழுத்தால் மேலே கொடுக்கும் சைகை கீழே வந்து சேராது. பெரிய கப்பல்கள் துறைமுகத்துக்கு வந்துபோகும் பாதையும், விசைப்படகு வலை இழுக்கும் இடமும் எவ்வளவு சங்கு இருந்தாலும் வேண்டாத இடங்கள். கீழே ஆள் இருப்பதைக் காட்டும் கொடியைப் படகில் கட்டுவது உலக வழக்கம். பார்ப்பவருக்குப் புரிந்தால்தான் அதற்குப் பலன்.

இன்னோர் எல்லையும் உண்டு. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரையிலான 21 தீவுகளைச் சுற்றிய கடல், 1986 முதல் தேசியப் பூங்கா. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான்தீவு, காசுவார், காரைச்சல்லி எல்லாம் அதற்குள்தான் வருகின்றன. ஆழம் குறைவு, தண்ணீர் தெளிவு என்று ஆசை காட்டும் இடங்கள். ஆனால் பவளத்தில் கால் வைத்தாலே வழக்கு. கடல் அட்டையையோ கடல் குதிரையையோ சங்கோடு சேர்த்துப் பையில் போட்டால் சிறை. பாதுகாப்பான ஆழம் தடைசெய்யப்பட்ட இடத்திலும், அனுமதி உள்ள இடம் ஆழத்திலும் அமைந்துவிட்டது. இந்த முரணைப் பற்றி யாராவது இந்த மக்களோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

ஹோண்டுராஸில் நடந்தது

மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் கடற்கரையில் மிஸ்கிட்டோ என்ற பழங்குடி மக்கள் சிங்கி இறாலுக்காக மூழ்குகிறார்கள். ஆழமான முழுக்கு, ஒரு நாளைக்குப் பலமுறை, மோசமான கருவிகள். நூற்றுக்கணக்கானவர்கள் நடக்க முடியாமல் போனார்கள். 42 மூழ்காளிகள் சார்பில் வழக்கு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. தொழில் செய்பவர்களின் பாதுகாப்பைக் கண்காணிக்காமல் விட்டது அரசின் பொறுப்பு மீறல் என்று 2021-ல் தீர்ப்பு வந்தது. 'அவர்களாகத்தானே இறங்கினார்கள்' என்று சொல்லித் தப்பிக்க அந்த அரசால் முடியவில்லை.

இங்கே படகில் இருக்க வேண்டிய பொருள்களின் பட்டியல் நீளமில்லை. புகையை விலக்கும் நீண்ட உறிஞ்சுகுழாய், வடிகட்டி, ஒரே இழுப்பில் அவிழும் பட்டை, ஆளுக்கொரு சின்ன அவசரச் சிலிண்டர், ஆழமும் நேரமும் காட்டும் கைக்கடிகாரம், படகில் ஒரு மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டர். படகு எஞ்சினுக்கும் டீசலுக்கும் மானியம் பற்றிப் பேசும்போது இந்தப் பட்டியலையும் சேர்த்துப் பேசலாம்.

கரையேறிய பிறகு தோளிலோ முழங்காலிலோ வலி, கால் மரத்துப்போதல், தலைசுற்றல், சிறுநீர் வராமை... இவற்றில் எது வந்தாலும் உளைச்சல் என்று தைலம் தேய்த்துப் படுக்கக் கூடாது. மறுபடி கடலில் இறங்கினால் வலி போகும் என்ற பழக்கம் மூழ்கும் தொழில் நடக்கும் பல நாடுகளில் இருக்கிறது. அழுத்தத்தில் குமிழி சுருங்குவதால் கொஞ்ச நேரம் சுகமாகத்தான் இருக்கும். ஏறியதும் இன்னும் மோசமாகத் திரும்பி வரும். சுத்தமான ஆக்சிஜன் கொடுத்தபடி, படுக்க வைத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். 108-ஐ அழைக்கும்போதே 'கம்ப்ரசர் குழாயில் ஆழத்துக்கு மூழ்கி ஏறியவர்' என்று சொல்லிவிடுவது முக்கியம். சொல்லாவிட்டால் மருத்துவர் பக்கவாதம், முதுகுவலி என்று தேடிக்கொண்டிருப்பார். இந்த நோய்க்கு உண்மையான சிகிச்சை அழுத்த அறையில்தான். அது எல்லா மருத்துவமனையிலும் இருக்காது. எங்கே இருக்கிறது என்பதைப் படகு கிளம்பும் முன்பே விசாரித்து எழுதி வைத்திருப்பது நல்லது. நடுக்கடலில் என்றால் கடலோரக் காவல்படையின் 1554.

விடுமுறைக்கு மூழ்க ஆசையா?

புதுச்சேரி, ராமேஸ்வரம், அந்தமான் என்று ஸ்கூபா ஆசை இப்போது குடும்பச் சுற்றுலாவிலும் நுழைந்துவிட்டது. பணம் கட்டும் முன் வீடியோவைப் பார்க்காமல் சிலிண்டரைப் பாருங்கள். கடைசியாக அழுத்தச் சோதனை செய்த தேதி அதன் கழுத்தில் பொறித்திருக்கும். பயிற்சியாளரிடம் ஒரு வாய்க்கருவிக்குக் கூடுதலாக இன்னொன்று இருக்கிறதா, அது எதற்கு என்று கேளுங்கள். உங்களுக்குக் காற்று நின்றால் கொடுப்பதற்குத்தான் அது. படகில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆஸ்துமா, காது, இதயப் பிரச்னை பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் உடையை நீட்டுகிற இடத்திலிருந்து திரும்பி வந்துவிடுங்கள். சளி பிடித்திருக்கும்போது இறங்க வேண்டாம். காது வலித்தால் அதற்குமேல் இறங்காமல் சைகை காட்டுங்கள்.

மூழ்கிவிட்டு அன்றைக்கே விமானம் ஏறக் கூடாது. 18 மணி நேரமாவது போகட்டும். ராமேஸ்வரத்தில் காலையில் மூழ்கிவிட்டு, மாலையில் கொடைக்கானல் மலை ஏறுவது என்று திட்டம் போட்டிருந்தால் அதற்கும் இதே விதிதான். கொடைக்கானலை மறுநாளைக்குத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.